அம்மாவுக்குத் தெரியாத ஐந்து தடவை

நான் வாழ்க்கையில் மொத்தம் ஐந்து தடவை கஞ்சா புகைத்திருக்கிறேன். சுவிஸ் அரசாங்கத்துக்கு நானே கைப்பட எழுதிக் கொடுத்த கணக்கு என்பதால் சந்தேகமே வேண்டாம். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம், எங்கள் ஊரான ஆராவ் நகரத்து ஆற்றங்கரையில், வகுப்புத் தோழிகளுடன். ஐந்தாவது தடவை வாந்தி எடுத்தேன். அத்தோடு சரி.

ஏழு வருடம் கழித்து தலைநகர் பேர்னில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணினி வேலை கிடைத்தது. ஆனால் முதலில் பாதுகாப்புச் சோதனையில் தேறவேண்டும். இரகசியக் கோப்புகளைத் தொடப்போகிறவள் எப்படிப்பட்டவள் என்று துருவிப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் வேலை இல்லை. போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு உண்மையையே எழுதினேன். (வீரம் ஒன்றுமில்லை. பொய் சொல்லிப் பிடிபட்டால் இன்னும் மோசம் என்று வாசித்திருந்தேன்.)

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கஞ்சாக்காரி போலத் தெரியக்கூடாது என்று நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போனேன். (மா ஒட்டியிருக்கிறது என்று விசாரித்த அதிகாரி நினைத்திருப்பார்.) எப்போது, எங்கே, யாருடன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"இது உங்கள் பெற்றோருக்குத் தெரியுமா?"

இங்கேதான் நான் புள்ளி வாங்கப் பார்த்தேன். எங்கள் ஆட்களிடம் நல்ல பிள்ளை என்றால், பிழை செய்தாலும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிற பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லவே இல்லை! ஏழு வருடமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாமலிருக்க நான் எதையும் செய்வேன்."

பேனா நின்றது. "எதையும்?"

பிறகு பொறுமையாக விளக்கினார். நிறுத்திப் பல வருடமான கஞ்சா அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் நாளைக்கு எவனாவது வந்து, 'கோப்பைத் தா, இல்லாவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டினால்? நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். கொடுத்துவிடுவேன். அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் முந்திக் கஞ்சா பத்தினனான்."

"ஆர்?"

"நான்தான். அஞ்சு தரம்."

கத்தியைக் கீழே வைத்தார். "அதை ஏனடி இப்ப வந்து சொல்லுறாய்?"

"உங்களுக்குச் சொன்னாத்தான் வேலை தருவினம் போல கிடக்கு."

"கவர்மெண்டோ சொல்லச் சொன்னது?"

"ஓம்."

அம்மா அழுதார். நானும் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் இவ்வளவு காலம் அவரிடம் மறைத்தது அதைவிட வலித்தது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினேன். அது அடுத்த முட்டாள்தனம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. ஐயர் கேட்டது பெயரும் நட்சத்திரமும்தான். அம்மா காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அதுவும் மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து. சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, இப்ப விட்டாச்சுத்தானே?" என்றார். கனடாவிலிருந்து பெரியம்மா போன் எடுத்து ஒப்பாரி வைத்தார்.

இரண்டாம் நேர்காணலில் அதிகாரி கேட்டார், "இப்போது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆராவில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும். கனடாவில் பாதிப் பேருக்கு."

முதல் தடவையாகச் சிரித்தார். தேறிவிட்டேன்.

பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தேநீரில் வாய் வைக்க முன்னமே அம்மா தொடங்கினார்: "பிள்ளை அஞ்சு தரம் கஞ்சா பத்தினவள். பேர்னிலை வடிவா விசாரிச்சு, பிழையில்லை எண்டு விட்டிருக்கினம். உங்கட மகனை ஆராவது விசாரிச்சவையோ?"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. அவர்தான் இன்று என் கணவர். வீட்டில் விருந்து என்று நாலு பேர் கூடினால் அம்மா இன்னமும் அவரிடம் கேட்கிறார்: "தம்பி, நீங்கள் எத்தினை தரம்?"

அவருக்கு இன்னமும் புரையேறுகிறது.