நாலு ஆமாம்

சிரஞ்சீவி ஷ்யாமுக்கு, ஷார்ஜா ரோலாவிலிருந்து அத்திம்பேர் அனந்தகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே ஏசி உள்பட எல்லோரும் க்ஷேமம். கலிபோர்னியாவில் உன் க்ஷேமத்தை விசாரிப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். மஹதியின் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா உனக்கு?

உங்கள் மாநிலத்தில் சட்டசபை செய்யாததை ஜனங்களே கையெழுத்து வாங்கி, ஓட்டுக்கு விட்டுச் சட்டமாக்கலாம் என்று போனில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாயாமே. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான்தான் அந்த உதவாக்கரை சட்டசபை. ஆபீஸில் என்னைச் சவூதியில் இருக்கிற தம்மாமுக்கு மாற்றியிருக்கிறார்கள். குழந்தைகள் படிப்பு கெடக் கூடாது, நீங்கள் மூவரும் இங்கேயே இருங்கள், நான் மட்டும் போகிறேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, "அதை நீங்க டிசைட் பண்ண முடியாதுப்பா, பீப்பிள் டிசைட் பண்ணணும்" என்கிறாள் உன் மருமாள் மஹதி. மறுநாளே கையெழுத்துத் தாள் ரெடி. கீழே மளிகைக்கடை சாகிர் பாய் போட்டிருக்கிறார், எதிர் ஃபிளாட் ஷிரின் போட்டிருக்கிறாள். இவர்களெல்லாம் இந்த வீட்டு வாக்காளர்களா என்று கேட்டால், "நீங்க போடற சத்தம் அவாளுக்கும்தானே கேக்கறது" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. குக்கரைக் கழுவித் துடைத்து ஓட்டுப்பெட்டியாக வைத்தாயிற்று. கேள்வியை மஹதியே தமிழில் எழுதினாள். அவள் தமிழ்தான் உனக்குத் தெரியுமே. "அப்பா தனியாப் போக வேண்டாமா? ஆமாம் / இல்லை." எண்ணிப் பார்த்தால் நாலும் ஆமாம். பார்த்தியா, போகத்தானே வேணும்னு ஜனங்களே சொல்லியாச்சு என்று நான் கையைத் தட்டினேன். உன் அக்கா சந்திரகலா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாம், தனியாப் போக வேண்டாம்னுதானே போட்டிருக்கேன்." மஹதியும் அதே கட்சி. ஏழாவது படிக்கிற அர்ஜுன், கேள்வியே புரியலை, அக்காவைப் பாத்துப் போட்டேன் என்கிறான். என்ன சட்டம் பாஸானது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"பதினெட்டு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் ஆமாம்னவதான் நான். இது வேற ஆமாம்" என்றாள் சந்திரகலா. அழுதுவிட்டாள்.

ஆரம்பித்து வைத்தவன் நீ. அதனால் நீயே போன் பண்ணி, இந்த ஓட்டு செல்லாது, அப்பா சொன்னதுதான் சட்டம் என்று மஹதியிடம் சொல்லிவிட வேண்டியது. நான் தனியாகத்தான் போகிறேன். கலாஸ், பேச்சு முடிந்தது.

இந்த வருஷமாவது உனக்குக் கல்யாணம் கூடி, வீட்டில் நல்ல எதிர்க்கட்சி அமையட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அனந்தகிருஷ்ணன்

பி.கு.: போன் பண்ணாதே. ஃபேமிலி விசாவுக்கு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், தம்மாமில் பள்ளிக்கூடமும் விசாரித்தாயிற்று. உன் அக்கா போட்ட அதே ஆமாம்தான் நானும் போட்டேன். ரகசிய ஓட்டு, அவளிடம் சொல்லிவிடாதே.