இல்லாத பதினொரு கிலோ

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர், தராசு பழுது பார்க்கிறவர். அவர் மனைவி, தையல்காரி. மாடி வீட்டு அக்கா, சாட்சி. தராசுக் கடை முதலாளி, அவரும் சாட்சிதான். வீட்டுக்காரரே வருந்தி அழைத்து வந்தது. ஐந்தாவது, சைக்கிள் கடைக்காரர். அவர் பிடித்திருந்த புது சைக்கிள், சுவரில் சாய்ந்திருந்த பழைய சைக்கிள், நடுவில் இருந்த தராசு மூன்றையும் சேர்த்தால் எட்டு. இந்த எட்டில் உண்மை தெரிந்தது இரண்டுக்குத்தான். ஒன்று வீட்டுக்காரர், இன்னொன்று தராசு. அப்படித்தான் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் ஆரம்பித்தது பாலத்து மேட்டில். வேலைக்குப் போகும்போது பாதி மேட்டில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது அவர் வழக்கம். ஒருநாள் அவர் வயதுக்காரர் ஒருவர், குச்சி குச்சியாய் ஒரு சைக்கிளில், சீட்டியடித்தபடி அவரைத் தாண்டிப் போனார். மேட்டில் மூச்சு விடுவதே பெரிய பாடு. சீட்டியும் அடிக்கிறானே ஒருத்தன்! அன்று சாயங்காலமே சைக்கிள் கடையில் போய் நின்றார். கடைக்காரர் அதே மாதிரி வண்டி ஒன்றைக் காட்டி, "ஒரு விரலால தூக்கிப் பாருங்க சார்" என்றார். தூக்கினார். வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அந்த விரலை அவர் மடக்கவில்லை.

"என்னங்க, விரல்ல காயமா?" என்றாள் மனைவி.

"ஏழு கிலோ."

"எது?"

"சைக்கிள். முழு சைக்கிளே ஏழு கிலோதான். நம்ம வண்டி பதினெட்டு."

"விலை?"

சொன்னார். தையல் மெஷின் நின்றது.

"ரெண்டு பேரோட ஆறு மாச சம்பாத்தியங்க அது. மோட்டார் இருக்கா?"

"கிடையாது."

"அப்போ மிதிக்கிறது யாரு?"

"நான்தான்."

"கேரியர்?"

"இல்ல."

"ஸ்டாண்டு?"

"அதெல்லாம் எடை. இல்ல."

"மட்கார்டு, பெல்லு?"

"இல்லைன்னு சொல்றேன்ல!"

"நல்லா இருக்கே! நான் துணியைக் குறைச்சுத் தச்சா கூலியைக் குறைக்கிறாங்க. அந்த ஆளு ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டுட்டு, இல்லாததுக்கெல்லாம் காசு கேக்கிறாரா? இல்லாத பதினொரு கிலோவுக்கா ஆறு மாச சம்பாத்தியம்?"

வீட்டுக்காரருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"உனக்குத் தெரிஞ்சது இஞ்சு. எடையைப் பத்தி என்கிட்ட பேசாதே. மேட்டுல ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் காலைப் பிடிச்சுக் கீழே இழுக்கும். பதினொண்ணு குறைஞ்சா பறக்கலாம்."

"எங்க குறைஞ்சாலும் பறக்கலாமா?"

"தராசுக்கு அதெல்லாம் தெரியுமா? எடை எடைதான். எங்க குறைஞ்சாலும் ஒண்ணுதான்."

இருபத்தெட்டு வருட அனுபவம், தானே வாயைத் திறந்து மாட்டிக்கொண்டது. அவள் எழுந்து வந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள்.

"அப்போ அந்தப் பதினொண்ணை இங்கேருந்து குறைங்க. நீங்க எண்பத்திநாலு. எழுபத்திமூணு ஆயிட்டா வண்டியை வாங்கிக்குங்க. அவ்வளவு வைராக்கியம் இருக்கிற மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்டா நான் குறுக்கே நிப்பேனா?"

பதினொரு வாரம் கெடு. ஞாயிறுதோறும் மாடி வீட்டு அக்கா முன்னால் எடை பார்ப்பது என்று முடிவாயிற்று. தராசுக்குக் குறைவில்லை. கடையில் கழித்துப் போட்டதை அவரே சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஏறி நிற்க ஒரு பலகை, எதிரே வட்ட முகம், அதில் ஒரு முள்.

முதல் வாரம் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். பாதி வயிறு சாப்பிட்டார். படியில் மூன்று தடவை ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஏறி நின்றால் அரைக் கிலோ கூடியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை தராசின் முகத்துக்குப் பின்னால் இருக்கும் திருகாணி அவர் கண்ணில் பட்டது. இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு என்னவோ கூப்பிடுவது போல இருந்தது. இடது பக்கம் திருப்பினால் முள் பின்னால் போகும். ஒரே ஒரு சங்கடம், பலகை காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்துக்கும் கீழே போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பூஜ்யத்தின் ஓரத்தில் கடுகளவு ஆணி ஒன்றை அடித்தார். முள் அதில் முட்டிக்கொண்டு பூஜ்யத்தில் பதவிசாக நின்றது.

அவர் வேலை பார்க்கும் தராசுக் கடையில் சட்டம் ஒன்றே ஒன்று. தராசில் கை வைத்தவனுக்கு அன்றைக்கே கணக்கு முடிக்கப்படும். இரண்டு பேரை அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். அது கடைத் தராசு, இது வீட்டுத் தராசு என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அதன்பின் வாராவாரம் எடை இறங்கியது. "பரவாயில்லையே!" என்று மனைவி பூரித்துப் போனாள். "இப்படி இளைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று தட்டை நிரப்பினாள். அவரும் மறுக்கவில்லை. கால்சட்டை இறுக்கியது. "தோய்ச்சுத் தோய்ச்சுத் துணி சுருங்கிப்போச்சு" என்றார். அவள் இடுப்புத் தையலைப் பிரித்துவிட்டுத் தந்தாள். தங்கமான மனைவி.

பதினோராவது ஞாயிறு. நான்கு பேர் முன்னிலையில் வீட்டுக்காரர் ஏறி நின்றார். முள் எழுபத்திமூன்றில் நின்றது. மாடி வீட்டு அக்கா கைதட்டினாள். முதலாளி மீசையைத் தடவினார்.

"எங்க ஆளு பார்த்த தராசு. முள்ளு சொன்னா சொன்னதுதான்."

சைக்கிள் கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "அந்தப் பழைய வண்டியையும் கொஞ்சம் தராசுல வைங்களேன்."

வீட்டுக்காரர் பலகையிலிருந்து இறங்கி, பழைய வண்டியை மறைத்து நின்றார். "எதுக்கு? அது பதினெட்டுன்னு எல்லாருக்கும் தெரியுமே!"

"பழைய இரும்புக்காரன் எடை போட்டுத்தானே எடுப்பான்? முதலாளி முன்னாடியே பார்த்துட்டா அவன் ஏமாத்த முடியாதுல்ல?"

"நியாயமான பேச்சு" என்றார் முதலாளி.

கடைக்காரர் பழையதை முக்கி முனகித் தூக்கி வைத்தார். முள் கிளம்பியது. ஐந்தில் நின்றுவிட்டது.

"அஞ்சு கிலோவா!" என்றாள் அக்கா.

"தூக்கினதுல எனக்கு முதுகே பிடிச்சுக்கிச்சு!" என்று கத்தினார் கடைக்காரர். "தராசு தப்பு!"

முதலாளி எழுந்துவிட்டார். வெளியாள் ஒருவன் வாயால் கேட்கிற வார்த்தையா அது?

"யார் தராசு தப்பு? ஏம்பா, நீதானே பார்த்தே? சொல்லு. சரியா, தப்பா?"

தப்பு என்றால் சைக்கிளும் போகும், வேலையும் போகும். சரி என்றால் சைக்கிள் மட்டும் போகும்.

"சரிதான், முதலாளி."

"பின்னே பதினெட்டு எப்படி அஞ்சாச்சு?"

"துரு... துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும்."

"அவ்வளவுமா?"

"ரொம்பப் பழைய வண்டி, முதலாளி."

"அப்போ என் வண்டியையும் வச்சுப் பார்க்கிறேன்" என்று கடைக்காரர் பழையதை இறக்கிவிட்டுப் புதியதைத் தூக்கினார். அதை வைத்தால் முள் பூஜ்யத்தைவிட்டு அசையாது. வீட்டுக்காரர் ஒரே தாவலில் பலகைமேல் ஏறி நின்றுகொண்டார்.

"வேணாம்! கீறல் விழுந்துடும்! அழகான வண்டி!"

"அவர் சொல்றது சரிதாங்க" என்றாள் மனைவி கடைக்காரரிடம். "உங்க வண்டி ஏழு கிலோன்னு அட்டையிலயே போட்டிருக்கே. எங்களோடது அஞ்சு. ஆறு மாச சம்பாத்தியத்தைக் குடுத்து ரெண்டு கிலோ ஏத்திக்கணுமா? ஏங்க, நீங்களே சொல்லுங்க. எடை எடைதானே?"

"எடை எடைதான்" என்றார் அவர், தராசின்மேல் நின்றபடி.

கடைக்காரர் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வாசல் திரும்பும்வரை வீட்டுக்காரரின் ஒரு விரல் மட்டும் நீண்டிருந்தது. அக்கா மாடிக்குப் போனாள். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு வரும்போது அந்தத் துருவைக் கொஞ்சம் கொண்டு வாப்பா. நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி குறடை எடுத்து நீட்டினாள்.

"ஆணியைப் பிடுங்குங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது வாரமே. என் இஸ்திரிப் பெட்டியை வச்சேன். முள்ளு அசையவே இல்ல. குனிஞ்சு பார்த்தா ஆணி."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லா சாப்பிட்டுட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்?"

தையல் மெஷின்மேல் இருந்த சாக்பீஸை எடுத்து, ஒரு துண்டுத் துணியில் கணக்குப் போட்டாள்.

"பதினெட்டுக் கிலோ வண்டிக்கு அஞ்சு காட்டுது. அப்போ முள்ளு பதிமூணைக் குறைச்சுச் சொல்லுது. உங்களை எழுபத்திமூணுன்னா நீங்க எண்பத்தாறு. ஆரம்பிக்கும்போது பதினொண்ணுதான் குறைக்க வேண்டியிருந்தது."

மறுநாள் பாலத்து மேட்டில், வழக்கமாக இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் இறங்கிவிட்டார். எழுபத்திமூன்றுக்கு இன்னும் மீதி, பதின்மூன்று கிலோ.