உன் அக்கா தொடையில் கட்டிய பட்டை

அன்புள்ள மச்சான் கங்காதரனுக்கு,

கொரட்டூரிலிருந்து உன் அக்கா வீட்டுக்காரர் வேம்புலி எழுதுவது. சென்னீர்குப்பத்தில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நேற்றுக் காலை ஏரிக்கரையில் நடந்துவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குள் நுழைகிறேன், உன் அக்கா கஸ்தூரி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், தொடையில் கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே கால் செக்கச்செவேலென்று இருக்கிறது, யாரோ ஒரு பெண் பட்டையை இன்னும் இறுக்குகிறாள். ஏரி ஓரத்து வீடு, எனக்கு வேறென்ன தோன்றும்? "ஐயோ, பாம்பு கட்ச்சிட்ச்சே!" என்று தெருவுக்கு ஓடினேன், எதிர்வீட்டு உதயகுமார் கம்போடு வந்து கட்டிலுக்கு அடியில் தட்டினான், யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், உன் அக்காவோ "பதினெட்டு, பத்தொம்பது" என்று எண்ணிக்கொண்டே காலை நீட்டி மடக்குகிறாள், விஷம் தலைக்கேறிவிட்டது என்று நான் அழுதேவிட்டேன் மச்சான்.

"இன்னாய்யா கத்திக்கினு கீற? முப்பது முடியட்டும், இரு!" என்றாள்.

அந்தப் பெண் கிருஷ்ணப்பிரியாவாம், பிசியோதெரபிஸ்ட். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இளைத்துப்போன தொடைக்கு டாக்டர் சொன்ன பயிற்சியாம், கணுக்காலில் அரைக்கிலோதான் எடை. "ரத்த ஓட்டத்தக் கொஞ்ச நேரம் கொறச்சிட்டுத் தூக்கினா, பெரிய வெயிட் தூக்கின மாதிரி சதை ஏறும் அங்கிள். மூட்டுக்கும் பாரம் இல்ல" என்கிறாள். எண்ணெய்க் குழாயை அடைத்தால் மிஷின் நன்றாக ஓடும் என்று நான் பாடியில் வேலை பார்த்த கம்பெனியில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளியே தள்ளியிருப்பார்கள்! அதுவும் மூன்று வாரமாக நடக்கிறதாம், நான் நடக்கப் போகும் நேரம் பார்த்து.

"ஏம்மே எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா தெருவயே கூட்டுவ. இப்ப கூட்டிக்கினு வந்துட்டல்ல?" என்றவள், ஆம்புலன்ஸ் திரும்பிப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாலு மாசமா உன் கைய புட்ச்சிக்கினுதான் பாத்ரூம் போறேன். எனுக்கு எவ்ளோ கூச்சமா கீது, தெரியுமா?" ஆனாலும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து, கூடப் பிறந்தவன் என்ற உரிமையில் இதை நிறுத்தச் சொல்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேம்புலி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, நடந்து வந்து, என் எதிரே காபியை வைத்து, "இன்னா எய்தற?" என்றாள். "உன் தம்பிய ஞாயித்துக்கெயம சாப்பாட்டுக்கு வர சொல்றேன்" என்றேன். வா. காலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.