வட்டத்தொட்டிக்கு வந்த பெரிய லாரி

புருஷனைப் பிரிந்திருக்கும் பெண்கள் கணக்குப் போடக் கூடாது. அதிலும் கணக்கு டீச்சராக இருந்துவிட்டால் கிட்டவே போகக் கூடாது.

கல்யாணமான மூன்றாம் மாதமே அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து முதல் லீவு. போனில் ஒரே ஒரு ஆசை சொன்னார். "இங்க ஷவர்ல நின்னு அலுத்துப்போச்சு. நம்ம வட்டத்தொட்டித் தண்ணியைச் செம்பால மோந்து ஊத்திக் குளிக்கணும்ட்டி."

சித்திரை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு போர் வெறும் காற்றைத்தான் இறைத்தது. லாரித் தண்ணீர்தான் வழி. எத்தனை லிட்டர் என்று லாரிக்காரர் கேட்க, டேப்பை எடுத்தேன். தொட்டியின் விட்டம் ஆறடி, ஆழம் நாலடி. பை ஆர் ஸ்கொயர் ஹெச். (ஒன்பதாம் வகுப்புக்குத் தூக்கத்திலும் நடத்துவேன்.) அந்த நேரம் பார்த்து அவரிடமிருந்து மெசேஜ்: 'டிக்கெட் போட்டாச்சு.' விட்டத்தில் பாதிதான் ஆரம் என்பது பறந்தே போனது. ஆறையே ஆரமாக வைத்துப் பெருக்கினேன். மூவாயிரம் சொச்சம் போதுமான தொட்டிக்கு, "பன்னிரண்டாயிரம் லிட்டர் அனுப்புங்க" என்றேன். மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "எம்.எஸ்சி. படிச்சவ சொல்லுதா" என்று மூடிக்கொண்டார்.

அவர் வரும் காலையில் லாரி தேர் திரும்புவதுபோல எங்கள் தெருவுக்குள் திரும்பியது. தொட்டி சட்டென்று நிரம்பிவிட்டது. லாரியில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"மிச்சத்தைக் கொண்டு போயிருங்கண்ணே."

"ராஜபாளையத்துக்கு வேற லோடு ஏத்தணும்க்கா. இதைக் காலி பண்ணியே ஆகணும்."

மாமியார் வாசலில் நின்று, "ஏட்டி, எல்லாரும் குடத்தை எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினார். குடம், அண்டா, வாளி எல்லாம் நிறைந்தும் தீரவில்லை. தெரு சேறாயிற்று.

பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கதவோரம் நின்று ஒரு பார்வை என்று இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எகிறும் ஹோஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேகமாக வந்தவர் வழுக்கி, பெட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார். பதற்றத்தில் ஹோஸும் அவர் பக்கமே திரும்பிவிட்டது.

"குளிக்கணும்னுதான் சொன்னேன். தெருவுலயா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவரைத் தவிர. அத்தனை பேர் முன்னால், சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லீவு ஒரு மாதத்தில் கரைந்துபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் என்ன அளவு சொன்னாலும், "விட்டமா, ஆரமா?" என்று கேட்காமல் மாமியார் நம்புவதில்லை.

போன வாரம் அவர் பேசினார். "ஆறு மாசத்துல வந்துருதேன்."

"விட்டமாங்க, ஆரமா?" விட்டம் என்றால் பாதியாகக் குறையாதா என்ற நப்பாசை எனக்கு.



"ஆரம்னே வச்சுக்கோட்டி."

அப்படியென்றால் ஆறை இரண்டால் பெருக்க வேண்டும். இந்தத் தடவை தப்பில்லாமல் பெருக்கினேன்.