சீசாவில் ஒரு ஸ்காடில்துவெயிற்

இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற தமிழர் எல்லாரும் உடம்பை முறித்துப் பிழைக்கிறவர்கள். பேரை மட்டும் வைத்துக்கொண்டு ராசா மாதிரி வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். நாங்கள் அவரைப் பேர்க்காரர் என்போம். சீசா என்கிற பகுதியில், எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேல்வீடு. அவர் கதிரையை இழுத்தால் என் வீட்டு விளக்கு ஆடும்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். நாங்கள் குடிவந்த அன்று மேலேயிருந்து இறங்கி வந்த அந்த மனிசன், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னிடம் கேட்டது வேறு.

"தம்பி, உங்கடை குடும்பப் பேர் என்ன?"

"அப்பாக்குட்டி."

"அது அப்பற்றை பேரெல்லோ?"

"ஓம் அண்ணை."

"நான் கேட்டது குடும்பப் பேர்."

"பெர்மெஸ்ஸோவிலை அதைத்தான் குடும்பப் பேர் எண்டு போட்டிருக்கினம். இஞ்சை இருக்கிறதுக்குத் தந்த காட் அதுதானே. அவை என்ன போட்டினமோ அதுதான் நான்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காய்ச்சல்காரனைப் பார்க்கிற டொக்டரின் பார்வை. தப்பு அவருடையதும் இல்லை. எங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. இத்தாலிக்காரருக்கு அது இல்லாமல் ஒரு மனிசனைப் பதியத் தெரியாது. அதனால் என் அப்பாவின் பேரைப் பிடித்து எனக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். தபால் கந்தோரில் "சின்யோர் அப்பாகுத்தி!" என்று கூப்பிடுவார்கள். செத்துப்போன என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன்.

"என்ரை பேர் ஸ்காடில்துவெயிற். ஊர் மானிப்பாய்," என்றார் அவர். கட்டிலின் மற்றத் தலைப்பைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இங்கிலாந்தின் வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்காம். கடலால் வந்த நோர்வேப் பக்கத்து ஆட்கள் அங்கே குடியேறினார்களாம். 'துவெயிற்' என்றால் காடு வெட்டித் துப்புரவாக்கின காணி. 'ஸ்காடில்' என்பது வெட்டின ஆளின் பேர். அதற்குக் 'கூரானவன்' என்று பொருள் என்பது அவருடைய கட்சி. "வாள் மாதிரிக் கூர், தம்பி. ஆளின்ரை பேர் காணிக்குப் போய், காணியின்ரை பேர் குடும்பத்துக்கு வந்தது. உலகத்திலேயே ஒரு பள்ளத்தாக்கிலை மட்டும் முளைச்ச பேர்."

"அது எப்பிடி அண்ணை மானிப்பாய்க்கு வந்தது?" என்றாள் என் மனிசி. அவள் சட்டிபானைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லும் எதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

அவருடைய பூட்டனார் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்தக் காலத்தில் சீமையில் யாராவது ஒரு பெரிய மனிதர் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பேரையே வைத்துவிடுவார்களாம். ஞானஸ்நானத்துக்கு வேலுப்பிள்ளையாகப் போன பொடியன் ஸ்காடில்துவெயிற்றாக வீட்டுக்கு வந்தான். தாய்க்காரி அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் சாகும்வரை "டேய்" என்றே கூப்பிட்டாளாம்.

அன்று தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

நானும் அவரும் வேலை செய்தது ஒரே இடத்தில், லிபெர்த்தா என்கிற பணக்காரப் பகுதியில். பெரிய வீடுகள், பெரிய நாய்கள். நான் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்யோராவுக்குச் சமையல். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அந்தப் பேர்தான். ரெலிபோனில் பேரைக் கேட்ட சின்யோரா, இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரர் வருகிறார் என்று சிநேகிதிமாருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டாராம். கதவைத் திறந்தால் எங்கள் ஆள், நல்ல கறுப்பு, ரை கட்டிக்கொண்டு நிற்கிறார். சின்யோராவின் முகம் போன போக்கை அவரே நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். சொன்ன சொல்லை மாற்ற வெட்கப்பட்டு அந்த அம்மா வேலையைக் கொடுத்தார். பிறகு இவருடைய இறால் கறி அவரை வேறு யாரிடமும் போக விடவில்லை.

வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்கிறவன் அவரைத் தூரத்தில் கண்டாலே "பரோனே!" என்று கத்துவான். பிரபு என்று அர்த்தம். பிரபுவுக்குச் செவுள் தூக்கிக் காட்டிய மீன். பின்னால் நிற்கிற எனக்கு, "உனக்கு என்ன வேணும், சொல்லு கெதியா."

கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு ஒருநாள் இரண்டு பேரும் காட் புதுப்பிக்கப் போயிருந்தோம். யன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் அவருடைய பேரை வாசிக்கத் தொடங்கினார். "ஸ்கா... ஸ்காதில்... தவாயி..." மூச்சு வாங்கியது. பக்கத்து யன்னல்காரியைக் கூப்பிட்டார். அவள் இன்னொருத்தரைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் ஒரு சொல்லைச் சுற்றி நின்று சிரிக்க, எங்கள் ஆள் நெஞ்சை நிமிர்த்திப் பள்ளத்தாக்குக் கதையை இத்தாலியனில் எடுத்துவிட்டார். கடைசியில் எழும்பி நின்று கை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்தது நான். "அப்பாகுத்தி," என்றார் அலுவலர், கொட்டாவியோடு. முடிந்தது என் சரித்திரம்.

இதையெல்லாம் பொறுக்கலாம். மகளின் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பேரின் கதையைச் சொல்ல வேண்டும் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். மகள் என்னிடம் வந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் யோசித்தாள். அவளுடைய தமிழில் பாதி சிசிலி. அப்பா அவளுக்குப் 'பாப்பா', குடும்பப் பேர் 'கொன்யோமே'.

"பாப்பா, அது கொன்யோமே இல்லை. நொன்னோன்ரை பேர்."

"ஓம். உன்ரை தாத்தாவின்ரை பேர்தான் உனக்குக் குடும்பப் பேர்."

"அதிலை கதை இல்லையே."

மேலே ஏறிப் போய்விட்டாள். திரும்பி வரும்போது அவளிடம் மலை, பள்ளத்தாக்கு, கப்பல், பாதிரி எல்லாம் இருந்தன. வகுப்பில் பேர்க்காரரின் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் கைதட்டினார்களாம். மனிசி அவளுக்கு முத்தம் கொடுத்தாள். நான் குசினிக்குப் போய் ஏற்கெனவே கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன்.

அவருடைய வீட்டுச் சுவரில் ஒரு பெரிய உலகப்படம் இருந்தது. அதில் குண்டூசிகள். அந்தப் பேருள்ள மனிசர் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஒரு ஊசி. கல்யாணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வேலை விட்டால் அதுதான் அவருக்கு. ஒருகாலம் ஊசி எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில்தான் நெருக்கியடித்து நின்றனவாம். பிறகு நெசவாலைகள் வந்தன. சனம் பட்டணங்களுக்கு இறங்கிவிட்டது. பொடியன்கள் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. பெட்டைகள் கட்டிக்கொண்டு வேறு பேருக்குப் போனார்கள். யாராவது செத்துப்போன செய்தி இன்ரர்நெற்றில் வந்தால் அவர் கதிரையை இழுத்து ஏறி ஒரு ஊசியைப் பிடுங்குவார். என் வீட்டு விளக்கு ஆடும். "இங்கிலாந்திலை ஒண்டு குறைஞ்சிட்டுது," என்பாள் மனிசி, தெரிந்தவர் வீட்டுச் சாவு மாதிரி.

இந்தப் பக்கம் கதை வேறு. 'டேய்' என்று கூப்பிடப்பட்ட அந்தப் பொடியனுக்கு வரிசையாக ஆண்பிள்ளைகள். அவர்களுக்கும் அப்படியே. மானிப்பாய், கொழும்பு, நாட்டில் சண்டை தொடங்கினதும் ஒஸ்லோ, பாரிஸ், ரொறன்ரோ, பலெர்மோ. "தம்பி, அங்கை பிடுங்கிறன், இஞ்சை குத்திறன். ரொறன்ரோவிலை குத்த இடமில்லை. மாதத்துக்கு ஒரு பேரன்!"

கடைசியில் இங்கிலாந்தில் ஒரே ஒரு ஊசி மிஞ்சியது. அந்த ஊசி ஒருநாள் பலெர்மோவுக்கு வருகிறேன் என்று எழுதியது.

பள்ளிப் பிள்ளைகளின் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற, கல்யாணம் கட்டாத ஒரு அம்மா. எங்களுக்கு அவர் 'மிஸ்'. இவர் எழுதுகிற பழைய ஆங்கிலத்தில் மயங்கி, நெடுங்காலமாகக் கணினியில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீடு அல்லோலகல்லோலப்பட்டது. என் சோபா மேலே போனது. என் நல்ல கோப்பைகள் போயின. மனிசி தானாகவே போய்ச் சமைத்தாள். ஸ்ரேசனுக்கு அழைத்துவரத் துணைக்கு நான்.

பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. பேர்க்காரர் பேசாமல் இருந்தது அன்றுதான்.

"என்ன அண்ணை?"

"நான் அவவுக்கு ஒண்டு சொல்லேல்லை, தம்பி."

"எதை?"

அவர் தன் கையை நீட்டி, மற்றக் கை விரலால் தோலைத் தொட்டுக் காட்டினார். "இதை. படமும் அனுப்பேல்லை. இஞ்சை வந்து குடியேறின இங்கிலீஷ்காரன் எண்டு அவ நினைச்சுக்கொண்டு வாறா. நான் இல்லை எண்டும் சொல்லேல்லை." யன்னலுக்கு வெளியே பார்த்தார். "சின்யோராவின்ரை முகம் மாறினதை நான் உங்களுக்கு நடிச்சுக் காட்டுவன். அந்த முகத்தை இன்னொருக்கா என்னாலை பாக்கேலாது. 'இது உன்ரை பேர் இல்லை, தா' எண்டு கேட்டால் நான் எதைக் குடுக்கிறது? எனக்கு வேறை பேர் இல்லையே."

எத்தனை நாள் இந்த மனிசன் ஒருதடவையாவது சறுக்கி விழவேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன்! விழப்போகிறார் என்று தெரிந்ததும் சரிந்து கிடந்த அவருடைய ரையை நான்தான் நேராக்கிவிட்டேன்.

ஸ்ரேசன் வாசலில் பேரை எழுதின மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ரெயின் வந்தது. கட்டைத் தலைமயிரும் மழைக்கோட்டுமாக ஒரு அம்மா இறங்கி வந்தார். பார்த்தால் அவர் கையிலும் அதே பேரை எழுதின ஒரு மட்டை! நேரே எங்களைத் தாண்டிப் போய், பக்கத்தில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்ற ஒரு சிவத்த உல்லாசப் பயணியிடம் மட்டையைக் காட்டினார். அவன் ஜெர்மன்காரன். தலையாட்டினான். அம்மா திரும்பினார். எங்கள் மட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து ஆளைப் பார்த்தார்.

பேர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அதனால் நடந்ததை அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். அந்த முகம் மாறியது உண்மை. முதலில் ஒரு திகைப்பு. பிறகு அடக்கமுடியாத சிரிப்பு, பஸ் ஓட்டுகிறவர்களின் பெரிய சிரிப்பு. ஆங்கிலத்தில் அவர் சொன்னது எனக்கே விளங்கியது: "நீங்கள் எல்லாரும் இஞ்சையோ வந்து நிக்கிறியள்? நான் அங்கை தனியத் தேடிக்கொண்டிருக்கிறன்!"

அன்று மத்தியானம் மிஸ் நண்டுக்கறி சாப்பிட்டார். மூக்காலும் கண்ணாலும் ஓடியது, நிறுத்தவில்லை. நடுவில் பேரின் பொருள் பற்றிக் கதை வந்தது. வாள் மாதிரிக் கூரானவன் என்று இவர் விளக்க, மிஸ் தலையை ஆட்டினார். கூர் இல்லையாம். பிளவாம். அந்த முதல் ஆள் உதடு பிளந்து பிறந்தவன். ஊர்ச்சனம் வைத்த பட்டப்பேர்தான் 'ஸ்காடில்'. இவர் அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நின்றார். என் மகள்கூட அவரைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிசம் என் மனம் குளிர்ந்தது.

ஒரு நிமிசம்தான். பேர்க்காரர் தன் மேலுதட்டை மெல்லத் தடவினார். பிறகு கதிரையை விட்டு எழும்பினார்.

"பாத்தியளோ! ஊரே பழிச்ச மனிசன். அந்தப் பழிப்பையே பேரா வைச்சுக்கொண்டு தனிய நிண்டு காடு வெட்டியிருக்கிறார்!"

எல்லாரும் கைதட்டினார்கள். இந்த மனிசனை என்ன செய்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு பேர்க்காரர் ரொறன்ரோச் சொந்தக்காரரை வீடியோவில் கூப்பிட்டார். திரை நிறைய முகங்கள், மடியில் குழந்தைகள், பின்னால் எட்டிப் பார்க்கிற பொடியன்கள். தன்னோடும் இவரோடும் அந்தப் பேர் முடிந்துவிடும் என்றுதான் மிஸ் இதுவரை நினைத்திருந்தாராம். ஒவ்வொரு குழந்தையையும் காட்டி, இதுவுமா, இதுவுமா என்று கேட்டார். ஓம், ஓம் என்றார் இவர், ஆங்கிலம் மறந்து. மிஸ்ஸின் கண்ணில் அப்போது வழிந்ததற்கு நண்டைக் குற்றம் சொல்ல முடியாது.

போகும்போது மிஸ் மானிப்பாய்க்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போயும் வந்தார். படம் அனுப்பினார், சேலையோடு.

போன வருசம் பேர்க்காரரின் சின்யோரா காலமானார். பேர்க்காரருக்கும் முழங்கால் ஏலாது. தம்பியின் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற அன்று காலையில் என்னை மேலே கூப்பிட்டார். படம் இன்னும் சுவரில் இருந்தது. பலெர்மோவில் நின்ற தன் ஊசியைத் தானே பிடுங்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அதே ஓட்டையில் திரும்பக் குத்தினார்.

"அண்ணை, நீங்கள் போறியளெல்லோ?"

"இது நான் இல்லை. இது அப்பாக்குட்டி," என்றார். "உங்கடை அப்பற்றை பேர் குடும்பப் பேரா முளைச்ச இடம் இந்தச் சீசாதான். உங்கடை பிள்ளை இரண்டாவது தலைமுறை. எல்லாப் பேரும் ஆரோ ஒருத்தற்றை அப்பரிலை இருந்துதான் தொடங்கினது, தம்பி. அந்த உதடு பிளந்த மனிசனுக்கு அப்ப என்ன சரித்திரம் இருந்தது?"

நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பாரமாகத்தான் இருந்தது.

மேல்வீட்டில் இப்போது ஒரு இளம் சோடி. கதிரையை இழுப்பதே இல்லை. அவ்வளவு மரியாதையான பிள்ளைகள். பலெர்மோவில் இன்று ஒரு ஸ்காடில்துவெயிற்றும் கிடையாது. ரொறன்ரோவில் இந்நேரம் யாரோ ஒருவர், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் அந்தப் பள்ளத்தாக்குக் கதையை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இப்போது அந்த ஆள்மேல்தான் பொறாமை.