விஸ்டா வரட்டும், ஸ்கூட்டி வரும்

மனைவிக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுப்பதில் எலியாஸுக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. கேட்காதவர்களிடம்கூட அவர் இதைச் சொல்லுவார். ஆனால் எதற்கும் ஒரு வரிசை வேண்டும் இல்லையா? முதலில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். அப்புறம் ஸ்கூட்டி. கம்ப்யூட்டரை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாங்கிவிட முடியாது. அதற்கு உயிர் கொடுக்கிற புது ஆபரேட்டிங் சிஸ்டம் இப்போதுதான் அமெரிக்காவில் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயர் விஸ்டா. அதற்குள் கம்ப்யூட்டர் வாங்குகிறவன் வடிகட்டின மடையன். ஆகவே விஸ்டா வரட்டும், கம்ப்யூட்டர் வரும். கம்ப்யூட்டர் வரட்டும், ஸ்கூட்டி வரும்.

"அந்த விஸ்டா எப்போங்க வரும்?" என்று கேட்டாள் எப்சி.

"அதுதான் உலகத்துல யாருக்குமே தெரியாது!" என்றார் எலியாஸ். சொல்லும்போது அவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை இருந்தது.

இது 2006-ஆம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதிதில் நடந்த பேச்சு. எப்சி விரிஞ்சிபுரத்தில் டீச்சர். வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில். தினமும் காலையில் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டு போவாள். இன்னொரு காலை வைக்க இடம் இருக்காது. கூட்டுரோட்டில் இறங்கி, பள்ளிக்கூடம் வரைக்கும் வெயிலில் நடை. சாயங்காலம் அதே கூத்து திருப்பிப் போட்டு. வீட்டுக்கு வந்து சேரும்போது சேலை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இருப்பாள். ஒரு ஸ்கூட்டி இருந்தால் நான் மனுஷியாக வேலைக்குப் போய் மனுஷியாகத் திரும்புவேன் என்பது அவள் கட்சி.

எலியாஸ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். ஜெர்மனிக்குப் போகிற ஷூ பெட்டிகளுக்கு பேக்கிங் லிஸ்ட் அடிப்பது அவர் வேலை. அதை அடித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இன்டர்நெட்டில் விஸ்டா எப்போது வரும் என்று ஆராய்ச்சி. ஆராய்ச்சியின் முடிவைக் கம்பெனி பஸ்ஸில் அறிவிப்பார். பஸ்ஸில் அவருக்கு 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயர். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் சார்.

"ஜனவரின்னு சொல்றானே சார்?" என்று கேட்பார் ஃபினிஷிங் செக்‌ஷன் பச்சையப்பன். விரிஞ்சிபுரத்துக்காரர். தினமும் கூட்டுரோட்டில் ஏறுகிறவர்.

"பச்சையப்பன், நம்ம கம்பெனி ஷிப்மென்ட் என்னிக்காவது சொன்ன தேதிக்குப் போயிருக்கா?"

"இல்ல சார்."

"சரக்கு வாங்குற பையருகிட்ட மார்ச்னு சொல்லுவோம். லைனிங் வரலன்னு மே ஆவும். கலர் சரியில்லன்னு ஜூலை ஆவும். ஒரு ஜோடு செருப்புக்கே இந்தக் கதி. அவன் செய்றது எம்மாம் பெரிய சாமான்! ஜனவரின்னு அமெரிக்காக்காரன் சொன்னா, அடுத்த ஜனவரி. ஏற்கெனவே எத்தனை வாட்டி தள்ளிப்போட்டிருக்கான் தெரியுமா?"

உலக வர்த்தகத்தை ஆம்பூர் கணக்கால் அளந்த முதல் ஆசாமி எலியாஸ்தான்.

இத்தனை சிரமம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ரொம்பச் சின்னது. எலியாஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தோஸ்த்தின் மொபெட்டை இரவல் வாங்கி ஆம்பூரில் ஓட்டிப் பார்த்தார். அது நேராகப் போய், தோல் பதனிடுகிற இடத்தில் காயப்போட்டிருந்த தோல்களுக்குள் புகுந்து நின்றது. ஒரு வாரம் குளித்தும் வாசம் போகவில்லை. அன்றோடு சரி. இப்போது எப்சி ஸ்கூட்டி வாங்கினால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, இவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். சபையே வாசலில் நின்று பார்க்கும்.

எப்சி சண்டை போடவில்லை. டீச்சர் அல்லவா, பாடம் கேட்டாள்.

"ஏங்க, இன்னும் வராத விஸ்டாவப் பத்தி நல்லாருக்கு, நல்லால்லன்னு எப்படி எழுதுறாங்க?"

"அதுக்குப் பேரு பீட்டா" என்று எலியாஸ் உற்சாகமானார். "சாமான் ரெடியானதும் கம்பெனிக்காரன் உடனே தம்பட்டம் அடிக்க மாட்டான். முதல்ல சில பேருகிட்ட மட்டும் கமுக்கமாக் கொடுப்பான். அவங்க யூஸ் பண்ணிப் பாத்துட்டு, இது கோளாறு, அது கோளாறுன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, அப்புறமா நாள் பாத்து எல்லாருக்கும் சொல்லுவான். அதுதான் ரிலீஸ்."

"அப்போ ரிலீஸ் அன்னிக்கு சாமான் புதுசா வர்றதில்ல. ஏற்கெனவே ஓடிக்கினு இருக்கறத வெளியில சொல்றாங்க. அவ்ளோதானே?"

"கரெக்ட்! உனக்குக் கூட புரிஞ்சிடுச்சே!"

எப்சிக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு புரிந்தது என்பதுதான் எலியாஸுக்குத் தெரியவில்லை.

ஜனவரி கடைசியில் விஸ்டா வந்தே விட்டது. ஒரு நாள் காலையில் காபி டம்ளருக்குக் கீழே பேப்பரை அந்தச் செய்தி தெரியும்படி மடித்து வைத்திருந்தாள் எப்சி. எலியாஸ் படித்தார். காபி ஆறியது. அமெரிக்காக்காரன் இப்படி முதுகில் குத்துவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"வந்துடுச்சு போலக்குதே" என்றாள் எப்சி.

ஆனால் எலியாஸ் லேசுப்பட்டவரா? "வந்தது ஒரு பக்கம்தான். எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு, ஆப்பிள் கம்பெனி. அவன் லெப்பர்ட்னு ஒண்ணு கொண்டாறான். லெப்பர்ட்னா சிறுத்தை. விஸ்டாவத் தூக்கிச் சாப்பிட்டுருமாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்காம வாங்குனா நம்மள மாதிரி ஏமாளி கெடையாது."

"இது கடைசியா?"

"சத்தியமா! சிறுத்தை வர்ற அன்னிக்கு முடிவு!"

எப்சி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது எலியாஸுக்கே கொஞ்சம் சப்பென்று இருந்தது.

அடுத்த மாதம் எலியாஸ் வீட்டு கேட்டுக்கு உள்ளே ஒரு புது ஸ்கூட்டி நின்றது. கத்திரிப்பூ கலர். பக்கத்தில் நின்று அதன் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு குர்ஷித். தோல் கெமிக்கல் வியாபாரி சத்தார் பாயின் மனைவி. எப்சிக்கு உயிர்த்தோழி.

"இன்னா குர்ஷித், வண்டி எடுத்தாச்சா? உங்க வீட்ல கேட் இல்லன்னு இங்க நிறுத்திட்டியா? நிறுத்திக்கோ, நிறுத்திக்கோ" என்றார் எலியாஸ்.

"வண்டி நல்லாருக்குதுல்ல அண்ணா?" என்றாள் குர்ஷித்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வியும் அவரே கேட்டார், பதிலும் அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்தவர் வண்டி என்றால் எலியாஸுக்குத் தாராளம் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி எடுத்துத் துடைப்பார். மழை வந்தால் ஓடிப்போய்த் தன் ரெயின்கோட்டை எடுத்து மூடுவார். மாதக் கடைசியில் அவர் ரெயின்கோட்டுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும், வண்டி பளபளவென்று இருக்கும். "எப்சி, பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு, குர்ஷித்துகிட்ட சொல்லு" என்பார். மறுநாள் காற்று சரியாக இருக்கும். "கண்ணாடி லூஸா இருக்கு, சொல்லு" என்பார். மறுநாள் கண்ணாடி இறுகியிருக்கும். தன் பேச்சுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற மரியாதையை நினைத்து அவருக்கு நெஞ்சு விம்மியது.

"பாவம் சத்தார் பாய்" என்று எப்சியிடம் அனுதாபப்பட்டார். "பொண்டாட்டிக்கு வண்டியக் கொடுத்துட்டாரு. நாளைக்கு இவரே பின்னாடி உக்காந்து போவணும். ஆம்பளைக்கு அத விட பேஜார் இன்னா இருக்கு?"

"ஆமாங்க, ரொம்பக் கஷ்டம்" என்றாள் எப்சி.

ஏப்ரலில் ஒரு நாள் எலியாஸ் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலங்களோடு குதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா விசேஷம்? சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. சிறுத்தையத் தள்ளி வெச்சுட்டான்! அக்டோபர்தானாம்!"

அங்கே இருந்த குர்ஷித் பயந்துவிட்டாள். "சிறுத்தையா? ஒடுகத்தூர் காட்லருந்தா அண்ணா?"

"இது அமெரிக்கா சிறுத்தை. கடிக்காது. நீ பிரியாணி சாப்பிடு."

எப்சி நிதானமாக ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டே, "அக்டோபரா? பரவால்ல. நமக்கும் டைம் தேவைப்படுது" என்றாள். என்னத்துக்கு டைம் என்று எலியாஸ் கேட்கவில்லை. பிரியாணியில் இருந்தார்.

ஆகஸ்டில் ஒரு நாள் கம்பெனி பஸ் டயர் பஞ்சராகி ரொம்ப லேட்டாகப் போனது. கூட்டுரோட்டில் காத்து நின்றிருந்த பச்சையப்பனை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, ஜன்னலோரம் இருந்த எலியாஸ் ஒரு காட்சியைக் கண்டார். ஹெல்மெட் போட்ட ஒரு பெண், ஸ்கூட்டியில் கையைக் காட்டி அழகாகத் திரும்பி ஊருக்குள் போனாள்.

"பாத்தீங்களா பச்சையப்பன், காலம் கெட்டுப் போச்சு! ஊட்டுக்காரன் இன்னா ஆளுன்னே தெரியலயே. இதே கலர்ல எங்க பக்கத்து வீட்லயும் ஒரு வண்டி இருக்கு."

பச்சையப்பனுக்கு இருமல் வந்தது.

"சேலையப் பாருங்க. என் பொண்டாட்டிகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"ஒரே மாதிரி நெறையப் போடுவாங்க சார்" என்றார் பச்சையப்பன். அவர் மகள் எப்சியின் வகுப்பில் படிக்கிறாள். முன் சீட்டில் இரண்டு பேர் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையப்பன் கேட்டார்: "ஆமா சார், ரிலீஸ் எப்போ?"

"அக்டோபர்னு சொல்றான். நீங்க கிறிஸ்மஸ்னு வெச்சுக்கோங்க."

அக்டோபர் கடைசி சனிக்கிழமை. காலை. சிறுத்தை முந்தின நாளே வெளியே வந்துவிட்டது. பேப்பர் மறுபடியும் காபி டம்ளருக்குக் கீழே இருந்தது. இந்தத் தடவை எலியாஸ் அசரவில்லை. கண்ணாடி முன் நின்று தயார் செய்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"எப்சி, முதல்ல வர்றத வாங்கவே கூடாது. அதுல ஆயிரம் கோளாறு இருக்கும். ஊர்ல நாலு பேரு ஓட்டிப் பாக்கட்டும். திருத்தி, சரி பண்ணி, ரெண்டாவது வாட்டி விடுவான். அதுவரைக்கும் பொறுக்கறவன்தான் புத்திசாலி..."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எலியாஸ் உச்சகட்டத்தில் இருந்தார். மறுபடியும் அடித்தது. "இரு, முடிச்சுடறேன்" என்றார். பஸ் இருக்கவில்லை, போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்றைக்கு ஜெர்மனி பையர் வருகிறான். பேக்கிங் லிஸ்ட் அவனிடம் இருந்தாக வேண்டும். மேனேஜர் தோலை உரித்துவிடுவார். ஆம்பூரில் அதற்கு இடமும் உண்டு.

"ஐயோ, போச்சு! எப்சி, இன்னா பண்றது?"

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்டுங்க" என்றாள் எப்சி அமைதியாக. "கோளாறெல்லாம் சரி பண்ணாம வெளிய விடக் கூடாது. அதனாலதான் நானும் இத்தன நாளு சொல்லல." கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். கத்திரிப்பூ கலர் வண்டியின் சாவி.

"இது குர்ஷித் வண்டியாச்சே!"

"குர்ஷித் வண்டின்னு யார் சொன்னாங்க?"

எலியாஸ் யோசித்தார். யாரும் சொல்லவில்லை.

"பிப்ரவரியில என் சம்பளத்துல வாங்குனது. குர்ஷித்துதான் ஓட்டக் கத்துக் கொடுத்தா. சத்தார் பாய் லைசென்ஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதெல்லாம் பீட்டா. காத்து கம்மி, கண்ணாடி லூஸுன்னு கோளாறு சொன்னது யாரு? நீங்கதானே! உங்கள மாதிரி டெஸ்ட் பண்ற ஆளு அமெரிக்காவுல கூட கெடைக்க மாட்டான். இன்னிக்குத்தான் ரிலீஸ். ஸ்பெஷல் கிளாஸுக்குப் போறேன். கம்பெனி பஸ் காட்பாடி சுத்திக்கினு தானே வரும்? கூட்டுரோட்டுல புடிச்சுடலாம், ஏறுங்க."

எலியாஸுக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தது. அதைவிடப் பெரிதாக மேனேஜரின் முகம் வந்தது. எப்சி ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள். அவர் தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தூங்கும்போது அளவெடுத்திருக்கிறாள்.

சும்மா சொல்லக் கூடாது, எப்சி நன்றாகவே ஓட்டினாள். குண்டும் குழியுமான ரோட்டில் பள்ளம் பார்த்து வளைத்தாள். லாரியைப் பார்த்து ஒதுங்கினாள். பின்னால் டிபன் பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்த எலியாஸுக்குக் காற்று சுகமாகவே இருந்தது. இவ்வளவு நாள் இந்தக் காற்றையா தள்ளிப்போட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஹெல்மெட் இருக்கும்வரை தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது இன்னொரு ஆறுதல்.

கூட்டுரோட்டில் பஸ் நின்றிருந்தது. ஸ்கூட்டி அதன் பக்கத்தில் போய் நின்றதும், பஸ்ஸின் அத்தனை ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்தன. ஹெல்மெட்டைக் கழற்றாமலே எலியாஸ் படியில் கால் வைத்தார்.

படியில் நின்ற பச்சையப்பன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா! ரிலீஸ் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க" என்றாள் எப்சி, வண்டியைத் திருப்பிக்கொண்டே. "சாயங்காலம் சாரை இங்கயே எறக்கி விட்ருங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."