எல்லாவற்றுக்கும் ஏழு கூட்டு

வேலை செய்யாமல் தப்பிப்பதற்காக நான் எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்வேன். இதை என் வாயால் ஒப்புக்கொள்ளவே பல வருடங்கள் ஆயின. ஒரே காரியத்தைக் கையால் இரண்டாம் முறை செய்யச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளியில் கணினி ஆசிரியை என்பதால் இந்தச் சோம்பேறித்தனத்துக்குத் 'தானியங்கி முறை' என்று பெயர் வைத்து மரியாதையாக வாழ்ந்துகொண்டிருந்தேன், துடியலூருக்கு மருமகளாகப் போகும்வரை.

கல்யாணமாகி நாலு மாதம். அத்தையிடம் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எப்படியாவது ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பதே என் லட்சியம். சமையல் மூலமாக அது நடக்காது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. (என் ரசத்தைக் குடித்துவிட்டு, "பரவால்ல அம்மணி, சுடுதண்ணி நல்லா இருக்குது" என்றார்.)

அப்போதுதான் ஒரு வழி பிறந்தது. அத்தை கும்மி கற்றுக்கொண்டிருந்தார். எழுபது பெண்கள், ஐந்து மாதப் பயிற்சி, கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். அந்தியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். ஐம்பத்து நாலு வயதில் அத்தை முதன்முறையாக ஊர் முன்னால் ஆடப்போகிறார். மேளக்காரர் அன்றைக்கு வேறு விசேஷத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டதால், கும்மி வாத்தியார் தான் பாடும் பாட்டுக்குப் பின்னணி இசை தேடிக்கொண்டிருந்தார். "நான் செஞ்சு தர்றனுங்க" என்று கையைத் தூக்கினேன்.

என்னிடம் ஒரு கீபோர்டும் லேப்டாப்பும் இருந்தன. புல்லாங்குழல், மேளம், ஜால்ரா என எதைக் கீபோர்டில் வாசித்தாலும் மென்பொருளில் மிடி என்ற வடிவத்தில் பதியும். அது ஒலி அல்ல, வெறும் எண்கள்: எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தி. என் விரல்களோ தடிமன். ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் 'நானும் வாரேன்' என்று சேர்ந்துகொள்ளும். இருபது நிமிடப் பாட்டில் இப்படி ஒட்டிக்கொண்டு வந்த சுரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதை நினைத்தாலே அழுகை வந்தது. அப்போது மெனுவின் அடியில் ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தேன். மேலே நிபந்தனை எழுதலாம், கீழே கட்டளை எழுதலாம். மேலே, 'அழுத்தம் இருபதுக்குக் குறைவாக இருந்தால்'. கீழே, 'அழி'. ஒரு க்ளிக். அத்தனை பிசிறும் காணோம்!

நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன். பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. தாமதமாக விழுந்த சுரத்தை இழுத்துத் தாளத்தில் வை. ஒவ்வொரு முதல் அடியையும் கொஞ்சம் ஓங்கி அடி. ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கணவர் சதீஷ் சாப்பிடக் கூப்பிட்டால், "பசித்தால் சாப்பிடுன்னு ஒரு விதி எழுதிப்போட்டு வாரனுங்க" என்பேன். அவர் பாவம், அதையும் கேட்டுக்கொண்டு போவார்.

அரங்கேற்றத்தன்று மதியம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஒத்திகையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு ஆள் அத்தை மட்டும்தான். ஆனால் வாத்தியார் பாடுவது ஒரு கட்டைச் சுருதியில். அத்தைக்கு ஐந்து கட்டை. கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் ஏழு படி ஏற வேண்டும். அத்தை என் கையைப் பிடித்தார்.

"கண்ணு, உன்ற பொட்டியில சுதிய ஏத்திப்போட முடியுமா? ஏறுலீன்னா அத்தன சனத்துக்கு முன்னால நான் மானங்கெட்டுப் போவேன்."

நாலு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. நான் ஜன்னலைத் திறந்தேன். மேலே, 'சுரமாக இருந்தால்'. கீழே, 'ஏழு கூட்டு'. தொடக்கத்தில் வரும் புல்லாங்குழலைப் போட்டுக் காட்டினேன். அத்தை கூடவே முணுமுணுத்தார். பொருந்தியது! சதீஷ் மட்டும், "எதுக்கும் ஒருக்கா முழுசாக் கேட்டுப்போடு" என்றார்.

"விதி தப்பாதுங்க" என்றேன். (இதை வேண்டுமானால் என் தலையில் எழுதி ஒட்டலாம்.)

மைதானம் நிறைந்திருந்தது. எழுபது பேர், ஒரே நிறப் புடவை, பெரிய வட்டம், நடுவில் மைக்கோடு அத்தை. எங்கள் வாத்தியாரின் ஏற்பாடு இது: அவர் ஒரு விசில் ஊதினால் வட்டம் அப்படியே திசை மாற வேண்டும், நீளமாக ஊதினால் எல்லோரும் நடுவுக்கு ஓடி வந்து குனிய வேண்டும்.

புல்லாங்குழல் ஒலித்தது. அத்தை பாடினார். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மேளம் வந்தது. அதாவது, மேளம் வர வேண்டிய இடத்தில் 'பீப்' என்று ஒரு விசில் வந்தது.

எழுபது பெண்களும் திரும்பினார்கள். அடுத்த அடி. பீப். மறுபடியும் திரும்பினார்கள். பீப் பீப். கூடவே எவர்சில்வர் பாத்திரக் கடை சரிந்தது போல ஜலார் ஜலார் என்று ஒரு சத்தம்.

நடந்தது இதுதான். மிடியில் புல்லாங்குழலுக்கு எண் என்றால் சுரம். தாளத்துக்கோ எண் என்றால் வாத்தியம். தெருவில் கதவு எண் மாதிரி: அறுபத்து நாலில் மேளம் குடியிருக்கிறது, எழுபத்தொன்றில் விசில்காரன். நான் எல்லாவற்றுக்கும் ஏழு கூட்டியதில், மேளத்துக்குப் போக வேண்டிய கடிதமெல்லாம் விசில்காரன் வீட்டில் விழுந்துவிட்டது. ஜால்ராவுக்காக வைத்த சின்னத் தட்டும் ஏழு வீடு தள்ளிப் போய் ஒரு ராட்சதத் தட்டை எழுப்பிவிட்டது. 'தாளம் நீங்கலாக' என்று இன்னும் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

வாத்தியார் துண்டை வீசினார், குதித்தார், வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் எல்லோரையும் நிறுத்துவதற்காகத் தன் விசிலை எடுத்து ஊதினார். (ஏற்கெனவே ஊதியது போதாதா?) வட்டம் இன்னொரு தடவை திரும்பியது. அப்போது பார்த்து, எழுபத்திரண்டில் குடியிருந்த நீள விசில்காரனும் என் பாட்டிலிருந்து ஊதிவிட்டான். எழுபது பேரும் நடுவுக்கு ஓடி வந்து குனிந்தார்கள். தலையோடு தலை முட்டியது. ஒருவர் பூ இன்னொருவர் வளையலில் மாட்டியது.

"இது புது அடவாட்ட இருக்குதுங்க!" என்று அந்தியூர்ச் சொந்தம் ஒருவர் கைதட்டினார்.

லேப்டாப்பை அறைந்து மூடினேன். விசில் நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் முதல் ஆளாக உள்ளே போக நான் தயார். அத்தை பார்வையை எடுத்து, மைக்கை வாத்தியார் கையில் கொடுத்துத் தன் வாய்க்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். இரண்டு கைகளும் காலியானதும் ஓங்கித் தட்டினார். அதே ஐந்து கட்டையில், விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். ஒரு கை, பத்துக் கை, நூற்று நாற்பது கை. வட்டம் தானாகக் கூடியது. கும்மிக்குக் கையே போதும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அழுகை வந்தது, பாதி அவமானத்தில், பாதி அந்தக் குரலைக் கேட்டு.

முடிந்ததும் அந்தியூர்க்காரர் விசாரித்தார். "ஏனுங்க, அந்தப் பொட்டி ஆரு வெச்சதுங்க?"

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அத்தை சத்தமாகவே சொன்னார்: "எங்க மருமவதானுங்க. சுதி ஏத்துச்சு பாருங்க, ஒரு நூலு பெசகுல."

பிறகு தூணுக்குப் பின்னால் வந்து, "சுதியத்தான கேட்டேன், விசிலு ஆரு அம்மணி கேட்டா?" என்று காதோரம் கிசுகிசுத்தார். சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறேன். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் யார் எங்கே நின்றாலும் அப்படியே பின்பக்கம் திரும்ப வேண்டும். சட்டம் போட்டது அத்தை. சதீஷ் சவரம் செய்துகொண்டிருந்தாலும் திரும்புவார். பருப்புக்கு மூன்று விசில் என்பதால் நான் எப்போதும் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடிதான் முடிப்பேன். அத்தை கூடத்திலிருந்து நிதானமாக வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்.